போண்டா காணோம்: வீட்டுக்குள்ள தப்பிச்ச பாம்பை எங்க தேடுறது?

வாசகி கேட்டது: "டாக்டர், நாங்க பெங்களூர் ராமமூர்த்தி நகர்ல முதல் மாடியில வாடகைக்கு இருக்கோம், கீழ ஓனர் குடும்பம். என் பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், போன வருஷம் யாரையும் கேக்காம பால் பைத்தான்னு (பால்னா இங்கிலீஷ்ல பந்து) ஒரு வெளிநாட்டு மலைப்பாம்பை வாங்கிட்டு வந்துட்டான். ரெண்டரை அடி இருக்கும், எப்பவும் உருண்டையா சுருண்டு கெடக்குதுன்னு போண்டான்னு பேரு வெச்சிருக்கான். முந்தாநாள் காலையில பாத்தா கண்ணாடி டேங்க் மூடி ஒரு ஓரமா தூக்கிக்கிட்டு இருக்கு, உள்ள போண்டா இல்ல. மாமியார் பூஜை ரூம் வாசல்ல பாலும் முட்டையும் வெச்சுட்டு, வீடு பூரா பூண்டும் நாப்தலின் உருண்டையும் போட்டுட்டு, சேலத்துக்குப் போறேன்னு பெட்டி கட்டிட்டாங்க. ஓனருக்கு மூச்சு விடக் கூடாதுங்கறார் வீட்டுக்காரர். தெரிஞ்சவங்க ஒருத்தர் பாம்பாட்டியை கூட்டிட்டு வரேங்கறார். பால்கனியில லவ் பேர்ட்ஸ் வேற இருக்கு. எங்க தேடுறது? பாத்ரூம் பைப் வழியா போயிருக்குமா? கடிச்சா என்ன ஆகும்? ஓனர் கிட்ட சொல்லணுமா?"

மாமியாரை மொதல்ல பெட்டியை கீழ இறக்கி வெக்கச் சொல்லுங்கம்மா. போண்டா உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கான், அதுவும் அனேகமா உங்க பையன் ரூம்லயேதான் இருப்பான். நூத்துக்கு நூறு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா என்கிட்ட வர்ற கேஸ்ல பெரும்பாலும் டேங்க் இருந்த ரூம்ல, இல்லன்னா அதுக்கு ஒட்டுன ரூம்லதான் கிடைச்சிருக்கு. பால் பைத்தான் ஓடுற பாம்பு இல்ல. ஆப்பிரிக்காவுல மேற்கு, நடுப்பகுதி நாடுகள்ல எலி வளைக்குள்ளயும் கரையான் புத்துக்குள்ளயும் பகல் பூரா படுத்துட்டு ராத்திரி மட்டும் வெளிய வர்ற ஜாதி, உடம்பு நாலு பக்கமும் இடிக்கிற மாதிரி ஒரு இடுக்கு கிடைச்சா அதுக்கு அதுவே போதும். நீங்க வீடு பூரா தலைகீழா கவுத்துட்டு இருக்கும்போது அது பீரோவுக்கு அடியில அசையாம கெடக்கும்.

தேடுறதுக்கு முன்னாடி டேங்க்கை இன்னொரு தடவை பாருங்க, நான் ஜோக் அடிக்கல. உள்ள இருக்கிற தேங்காய் நார் தூளை முழுசா ஒரு ட்ரேயில கொட்டி, ஒளிஞ்சுக்கற குடுவையை தூக்கி, பின்னாடி ஒட்டியிருக்கிற ஷீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல டார்ச் அடிச்சு பாருங்க. மூடி தூக்கியிருக்குன்னதும் எல்லாரும் வெளிய ஓடிடறோம், பாம்பு ஹீட் பேடுக்கு அடியில தூங்கிட்டு இருந்திருக்கும், அப்படியும் நடந்திருக்கு.

அங்க இல்லன்னு உறுதியாச்சுன்னா அடுத்த வேலை தேடுறது இல்ல, அடைக்கிறது. ஒவ்வொரு ரூம் கதவையும் சாத்தி அடியில பழைய துண்டை உருட்டி டைட்டா வெச்சிடுங்க. பாத்ரூம் தரையில தண்ணி போற ஓட்டைக்கு மேல இருக்கிற சல்லடை மூடி சரியா உக்காந்திருக்கான்னு பாத்து மேல ஒரு செங்கலோ தண்ணி நிரப்புன பக்கெட்டோ வெச்சிடுங்க, கமோட் மூடியை போட்டு மேல கொஞ்சம் வெயிட் வைங்க, கிச்சன் சிங்க் பைப் சுவத்துக்குள்ள போற இடத்துல சுத்தி சந்து இருக்கும், அங்க துணி அடைங்க, ஏசி பைப் வெளிய போற ஓட்டையும் அதே மாதிரி, பால்கனி கதவு இனிமே திறந்து கெடக்கவே கூடாது. பைப் வழியா போயிருக்குமான்னு கேட்டீங்க. போகவே முடியாதுன்னு இல்ல, ஆனா ஈரமா, ஜில்லுனு இருக்கிற பைப் பால் பைத்தானுக்கு பிடிச்ச இடம் இல்ல. வீட்டுல சூடான இருட்டு மூலை இருக்கும்போது அதை விட்டுட்டு அங்க போறது அபூர்வம், அதனால அந்த பயத்தை லிஸ்ட்ல கடைசியில போட்டுக்கங்க.

இப்ப சூடுன்னு சொன்னேன்ல, அதுதான் உங்களுக்கு பெரிய துணை. இது ஜனவரி மாசம், பெங்களூர்ல ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்குது. போண்டா உடம்புக்கு சுத்தி 26ல இருந்து 32 டிகிரி வரைக்கும் வேணும், அது தானா சூடு உண்டாக்கிக்க முடியாத உயிர், வெளிய இருந்துதான் எடுத்துக்கணும். அப்ப உங்க வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு எது எது சூடா இருக்கும்னு யோசிங்க. ஃப்ரிட்ஜ் பின்னாடி கம்ப்ரஸர் பக்கம். இன்வெர்ட்டரும் பேட்டரியும் வெச்ச ட்ராலி, கரண்ட் போய் வந்து சார்ஜ் ஆகுற நேரம் அது நல்லா கதகதன்னு இருக்கும். டிவிக்கு கீழ செட் டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர். பையனோட கம்ப்யூட்டர் சிபியூ, லேப்டாப் சார்ஜர் கட்டை. ராத்திரி பூரா சூடா இருக்கிற எதுவும். அதுல ஆரம்பிச்சு வெளிய போங்க. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பின்னாடி கை விடறதுக்கு முன்னாடி ப்ளக்கை பிடுங்கிடுங்க, பாம்பை விட கரண்ட்தான் ஆபத்து.

சூடு இல்லாத இடமும் உண்டு, இறுக்கமா இருட்டா இருந்தா போதும். சோபாவை பத்தி தனியா சொல்லணும். சோபாவை இழுக்காதீங்க, ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு நேரா மேல தூக்கி மெதுவா சாய்ங்க. அடியில கறுப்பா மெல்லிசா ஒரு துணி பின் அடிச்சு ஒட்டியிருக்கும், அதோட மூலைங்கள்ல எங்கயாவது ஒரு இடத்துல பின் விட்டுப்போய் ரெண்டு விரல் நுழையற சந்து இருக்கும், பழைய சோபான்னா கண்டிப்பா இருக்கும். அந்த துணிக்கு உள்ள மரச்சட்டத்தை ஒட்டி ஸ்ப்ரிங்குக்கு நடுவுல நீட்டிப் படுத்துக்கும். துணியை வெளிய இருந்து உள்ளங்கையால லேசா தடவிப் பாருங்க, வெயிட்டா தொய்ஞ்சு ஒரு உருளை தெரியும். அங்க தெரிஞ்சுதுன்னா கத்தரிக்கோல் எடுத்து குத்தாதீங்க, பின்னை ஒண்ணொண்ணா கழட்டுங்க, துணி போனா போகட்டும். ரிக்ளைனர் சோபா இருந்தா போண்டா கிடைக்கிற வரைக்கும் அதுல யாரும் சாயவே கூடாது, உள்ள இருக்கிற இரும்பு மடங்கும்போது பாம்பு நடுவுல மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். சாமான் வெக்கிற கட்டில்னா உள்ள இருக்கிற கம்பளி, சூட்கேஸ் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா உதறி எடுங்க. சுருட்டி வெச்ச பாய்க்குள்ள பாருங்க. ஷூவுக்குள்ள, ஹெல்மெட்டுக்குள்ள, புக் ஷெல்ஃப்ல புத்தகத்துக்குப் பின்னாடி, ட்ராயரை முழுசா வெளிய இழுத்து அதுக்குப் பின்னாடி இருக்கிற காலி இடத்துல, கர்ட்டன் கீழ மடிப்புல, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி, அழுக்குத் துணி கூடையில. வாஷிங் மெஷின்ல துணி போடறதுக்கு முன்னாடி ட்ரம்மை கையால தடவிட்டுப் போடுங்க, அழுக்குத் துணியோட சேத்து பாம்பையும் துவைச்ச சோகக் கதை இந்த ஊர்ல உண்டு. இவன் ஜாதி பெரிய மரமேறி இல்ல, அதனால லாஃப்ட், கர்ட்டன் ராட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஆனா சின்ன வயசு பால் பைத்தான் கொஞ்சம் ஏறும், முழுசா விட்டுடாதீங்க. இதே கார்ன் ஸ்னேக்னு வீட்டுல வளக்கிற இன்னொரு ஜாதிப் பாம்பா இருந்திருந்தா நான் மேலதான் மொதல்ல பாக்கச் சொல்லியிருப்பேன், அது ஒல்லி, நல்லா ஏறும், தப்பிக்கிறதுல கெட்டிக்காரன்.

ஒரு ரூம் தேடி முடிச்சா அதை சாத்தி, அடியில துண்டு வெச்சு, கதவுல ஒரு பேப்பர் ஒட்டி 'பாத்தாச்சு'ன்னு எழுதிடுங்க. இல்லன்னா ஒரே ரூமை ஆளாளுக்கு நாலு தடவை தேடுவீங்க, ஒரு ரூமை யாருமே பாத்திருக்க மாட்டீங்க. அப்படி முழுசா பாத்து அடைச்ச மொதல் ரூமை மாமியாருக்கு குடுத்துடுங்க, கட்டில்ல படுக்கட்டும், தரையில பாய் வேணாம். லவ் பேர்ட்ஸ் கூண்டையும் அதே ரூமுக்குள்ள கொண்டு போய் உயரமா மாட்டிடுங்க. இதை சும்மா சொல்லல. பால் பைத்தானோட மேல் உதட்டுல வரிசையா சின்னச் சின்னக் குழி இருக்கும், அதுல பக்கத்துல இருக்கிற உயிரோட உடம்புச் சூட்டை இருட்டுலயே கண்டுபிடிச்சிடும். அந்தக் கூண்டுக் கம்பி சந்துல போண்டா தலை நுழையுமான்னு பாருங்க, நுழைஞ்சா ராத்திரி ஒரு கிளியை முழுங்கிட்டு வயிறு பெருத்து அதே சந்துல வெளிய வர முடியாம உள்ளயே கெடப்பான். உங்க பையனுக்கு பாம்பு கிடைக்கும், மாமியாருக்கு கிளி போயிடும், அப்புறம் அந்த வீட்டுல சமாதானம் நடக்காது.

பகல் தேடல் ஒரு பங்குன்னா ராத்திரி மூணு பங்கு. சாயங்காலமே எல்லா ரூம் கதவு ஓரத்துலயும் சுவரை ஒட்டி மைதா மாவை சல்லடையில மெல்லிசா ஒரு கோடு மாதிரி தூவி விடுங்க. அரிசி மாவுன்னா எறும்பு வந்து எல்லாத்தையும் கலைச்சிடும், கடையில விக்கிற கோலப்பொடி கல்லு தூள், அது பாம்பு மூக்குக்கு ஆகாது. காலையில அதுல ஒரு தடம் இருந்தா வளைஞ்சோ நேராவோ அகலமா வழிச்ச மாதிரி இருக்கும், எலின்னா காலடியும் நடுவுல வால் கோடும் தெரியும். எந்த ரூம்லன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. அதோட ரூம் ஓரங்கள்ல பழைய பாலித்தீன் கவரையோ ந்யூஸ்பேப்பரையோ கசக்கி போட்டு வைங்க, பாம்பு சுவரை ஒட்டியேதான் போகும், மேல ஏறினா சரசரக்கும். பையனை லைட்டை அணைச்சுட்டு ஃபேனை நிறுத்திட்டு பத்து மணிக்கு மேல அமைதியா உக்காரச் சொல்லுங்க, ஃபோன்ல பாட்டு இல்லாம. சத்தம் கேட்டா டார்ச்சை தரையோட ஒட்டி கிடையா அடிக்கணும், மேல இருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது.

கூடவே ஒரு பொறி, கொல்ற பொறி இல்ல. ஒரு ஷூ டப்பாவுல கையகலம் ஓட்டை போட்டு உள்ள அவனோட டேங்க் நார் தூளை கொஞ்சம் போட்டு, டப்பாவுக்கு அடியில அவன் ஹீட் பேடை தெர்மோஸ்டாட்டோட 30, 31 டிகிரியில வெச்சு, பக்கத்துல தண்ணிக் கிண்ணம் வெச்சு, பையன் ரூம்ல சுவரோரமா விட்டுடுங்க. வீட்டுல மத்த சூடான இடங்களை முடிஞ்ச அளவு குறைச்சிடுங்க, தேவையில்லாத சார்ஜரை எல்லாம் பிடுங்குங்க, அப்பதான் இந்த டப்பா மட்டும் அவனை கூப்பிடும். குளிர்ல ரெண்டு மூணு ராத்திரி கழிச்சு தானா வந்து உள்ள படுத்துக்கறது நடக்கிற விஷயம். எலி வாசனை வெச்சா இன்னும் நல்லது, பையன் ஃப்ரீஸர்ல வெச்சிருக்கிற சுண்டெலியை, ஆமா அது உங்க ஃப்ரீஸர்லதான் இருக்கும், எந்த டப்பான்னு அவனையே கேளுங்க, வெதுவெதுப்பா ஆக்கி ஒரு ஓட்டை போட்ட டப்பாவுல அங்க வெக்கலாம், ஆனா காலையில எடுத்து குப்பையில போட்டுடணும்.

பாலும் முட்டையும் எடுத்துடுங்க. மாமியார் மனசு நோகாம எடுங்க, பக்தியில வெச்சாங்க, ஆனா பாம்பு பால் குடிக்கிற உயிர் இல்ல, பால் பைத்தானுக்கு கோழி முட்டையும் சாப்பாடு இல்ல. அதுக்கு வர்றது எதிர் வீட்டு பூனையா இருக்கும். பூண்டையும் நாப்தலினையும் கூட்டி வெளிய கொட்டுங்க. அதுனால பாம்பு வெளிய வந்துடும்ங்கறது நம்பிக்கை மட்டும்தான், ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிற வீட்டுல அந்த நாப்தலின் நெடி உங்களுக்கும் பறவைக்கும்தான் கெடுதி. பினாயில், கெரசின், கந்தகம், கொசு ஸ்ப்ரே எதுவும் வேணாம், பூச்சி மருந்து அடிக்கிற ஆளை கூப்பிடவே கூடாது, அந்த மருந்துக்கு பாம்பு சீக்கிரம் செத்துடும். எலிக்கு ஒட்டுற அட்டை எங்கயாவது வெச்சிருந்தீங்கன்னா இப்பவே எடுங்க. ஒருவேளை அதுல ஒட்டிக்கிட்டு கிடைச்சா பிச்சு இழுக்காதீங்க, தோல் உரிஞ்சு வந்துடும், சமையல் எண்ணெயை கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு கழட்டணும், மூக்குல வாயில எண்ணெய் போகாம.

பாம்பாட்டி விஷயத்துக்கு நான் ஒரேயடியா நோ சொல்லுவேன். பாம்புக்கு வெளிக் காது கிடையாது, தரை அதிர்வும் தாடை எலும்பு வழியா வர்ற கீழ்ஸ்தாயி சத்தமும்தான் நல்லா எட்டும், மகுடி அசையறதை பாத்துத்தான் அது அசையுது. மூலையில ஒளிஞ்சிருக்கிற மலைப்பாம்பு ஊதுறதுக்காக நடந்து வராது. இடுப்புப் பையில இருக்கிற தன்னோட பாம்பை உங்க கட்டிலுக்கு அடியில இருந்து எடுத்துக் காட்டி காசு வாங்குறது ரொம்ப பழைய வித்தை. பாவம் அந்தப் பாம்பு அனேகமா பல்லு பிடுங்குன நல்ல பாம்பா இருக்கும், அதை பிடிச்சு வெச்சிருக்கிறதே 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம்.

கடிச்சா என்ன ஆகும்? போண்டாவுக்கு விஷம் இல்ல. பயந்தா மொதல்ல பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ள வெச்சுக்கும், ரொம்ப வளைச்சு பிடிச்சா கடிக்கும், ஊசி குத்துன மாதிரி வரிசையா சின்ன காயம், ரத்தம் கொஞ்சம் வரும், சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவி டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப நாளாச்சுன்னா டாக்டரை கேளுங்க. ரெண்டரை அடி பாம்பு பெரிய மனுஷங்களை நெரிக்க முடியாது. பாம்பு தோல்ல, கழிவுல சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதனால தேடி முடிச்சதும் எல்லாரும் கை கழுவணும், கிச்சன் மேடையை துடைக்கணும், அவ்வளவுதான்.

ஆனா இந்த கடிதத்துல எனக்கு வயித்தைக் கலக்குன விஷயம் வேற, அதை நீங்க கேக்கவே இல்ல. உங்க வீடு கல்கெரே ஏரி பக்கம், சுத்தி காலி சைட்டும் புதரும் இருக்கிற ஏரியா. அங்க நல்ல பாம்பு உண்டு, சாரை உண்டு, கண்ணாடி விரியன் உண்டு. இப்ப வீட்டுல எல்லாரும் பாம்பைத் தேடுற மூட்ல இருக்கீங்க, பையன் பாம்புன்னாலே கையில எடுக்கப் பழகினவன். ராத்திரி அரை வெளிச்சத்துல படிக்கட்டு ஓரமா, செருப்பு ஸ்டாண்டு பக்கம் கறுப்பும் பழுப்புமா திட்டுத் திட்டா தடிமனா ஒண்ணு தெரியுது, 'டேய் போண்டா'ன்னு கையை நீட்டிட்டான்னா? கண்ணாடி விரியனும் பழுப்புதான், தடிமன்தான், அதுக்கும் திட்டு உண்டு. விஷயம் தெரியாதவங்க அப்பாவி மலைப்பாம்பை விரியன்னு நெனச்சு அடிச்சுக் கொல்றாங்க, அதோட மறுபக்கம் இது, இதுதான் உயிர் போற பக்கம்.

வித்தியாசத்தை எல்லாரும் இன்னைக்கே மனப்பாடம் பண்ணுங்க. கண்ணாடி விரியன் முதுகுல முட்டை வடிவத்துல கருப்பு ஓரம் வெச்ச திட்டு மூணு வரிசையா சங்கிலி கோத்த மாதிரி ஒழுங்கா போகும், நடு முதுகுல ஒரு வரிசை, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. போண்டா உடம்புல திட்டு ஒழுங்கே இல்லாம, கறுப்பு நெலத்துல வெளிர் பழுப்பு தீவு தீவா, உள்ள கண்ணு வெச்ச மாதிரி புள்ளியோட இருக்கும். விரியனை தொந்தரவு பண்ணினா குக்கர் விசில் போடறதுக்கு முன்னாடி ஆவி சீறுற சத்தத்துல விடாம சீறும், சுருண்டு உருண்டையாகி தலையை ஒளிக்காது. அதே மாதிரி கறுப்புல வெள்ளைப் பட்டையா ஒல்லியா ஒண்ணு சுவத்து ஓரமா பாத்தா அது வெள்ளிக்கோல் வரையனா கட்டு விரியனான்னு வீட்டுல பட்டிமன்றம் நடத்தாதீங்க, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி, வரையன் சாது, கட்டு விரியன் கொடிய விஷம், தூக்கத்துல கடிச்சா வலிகூட தெரியாது. போண்டா போட்டோவை பகல் வெளிச்சத்துல எடுத்தது எல்லார் ஃபோன்லயும் இருக்கட்டும், தலையும் முதுகும் ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா மட்டும் கை. துளி சந்தேகம்னாலும் தொடாம, அந்த ரூமை சாத்தி, அடியில துண்டு வெச்சு, ட்ரெயினிங் எடுத்த ரெஸ்க்யூ ஆளை கூப்பிடுங்க. கெங்கேரி பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு ஆஸ்பத்திரி இருக்கு, வனத்துறை ஹெல்ப்லைன் இருக்கு, நம்பரை இப்பவே சேவ் பண்ணி வைங்க, பாம்பை பாத்தப்புறம் தேடாதீங்க.

தெரியாத பாம்பு கடிச்சுட்டா கயிறு கட்ட வேணாம், கீற வேணாம், உறிஞ்ச வேணாம், கடிபட்ட கை காலை ஆட்டாம வெச்சு 108 கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான் போடறாங்க, அதுக்கு விஷம் எடுத்துக் குடுக்கறதுல பெரிய பங்கு நம்ம சென்னை பக்கம் வடநெம்மேலியில இருக்கிற, பாம்பு பிடிக்கிற இருளர் பழங்குடிகளோட சொசைட்டிது, 1978ல ஆரம்பிச்சது. அந்த இருளர்கள்ல மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு பேரை 2017ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு தேட கூட்டிட்டுப் போனாங்க, ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீயும் கிடைச்சுது. அங்க சதுப்புக் காடு பூரா பர்மிய மலைப்பாம்பு பெருகிப் போனதுக்குக் காரணமே ஆசையா வளத்து தப்பவிட்டதும், வளந்ததும் சலிச்சுப்போய் காட்டுல கொண்டு போய் விட்டதும்தான். தடத்தையும் எச்சத்தையும் பாத்துத் தேடற அவங்க முறைதான் நான் மேல சொன்ன மைதா மாவும். இன்னொண்ணும் சொல்லிக்கறேன், கிடைச்சப்புறம் மாமியார் சொல்றாங்கன்னு ஏரிக்கரையில கொண்டு போய் விட்டுடாதீங்க. பெங்களூர் குளிர்ல அது உருப்படாது, அப்படியே தாங்கிடுச்சுன்னா அது இன்னும் மோசம்.

ஓனர் கிட்ட சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் பயம் எனக்குப் புரியுது, வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம், ஆனா படிக்கட்டுல அவங்க வீட்டுப் பெரியவரு திடீர்னு பாம்பைப் பாத்து விழுந்தா என்ன சொல்லுவீங்க? இல்ல அவங்களே கம்பால அடிச்சுட்டா உங்க பையன் முகத்தை எப்படிப் பாப்பீங்க? நேர்ல போய், போட்டோ காட்டி, விஷமில்லாததுன்னு சொல்லி, 'ஹாவு நோடிதரெ ஹொடீபேடி, நமகே ஃபோன் மாடி' (பாம்பைப் பாத்தா அடிக்காதீங்க, எங்களுக்கு ஃபோன் பண்ணுங்க)ன்னு கன்னடத்துலயே சொல்லிடுங்க, நம்பரும் குடுங்க. பக்கத்து ரெண்டு வீட்டுக்கும் அதே. கீழ் வீட்டு குழந்தைங்க இருந்தா அவங்க கிட்ட தனியா சொல்லுங்க, எந்தப் பாம்பையும் தொடக் கூடாதுன்னு, ஏன்னா குழந்தைக்கு நீங்க சாதுன்னு சொன்னா எல்லாப் பாம்பும் சாதுன்னு எடுத்துக்கும்.

ஓனர் கேக்கலாம், இதெல்லாம் வளக்கலாமான்னு. நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வளக்கக் கூடாது, சாரை, மண்ணுளி உட்பட. பால் பைத்தான் வெளிநாட்டு ஜாதி, ஆனா காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டஸ் ஒப்பந்தத்துல ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, அதனால 2022ல வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தைத் திருத்தினப்போ நாலாவது அட்டவணைக்குள்ள வந்துடுச்சு. திருத்தம் 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல், அப்புறம் 2024ல பதிவு பண்றதுக்கான விதிகளும் வந்தாச்சு, மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு இருக்கணும். பையன் வாங்கும்போது என்ன பேப்பர் குடுத்தாங்க, பதிவு ஆச்சான்னு உக்கார வெச்சு கேளுங்க. ஆகலன்னா மறைச்சு வெக்கிறதுல லாபம் இல்ல, வனத்துறை ஆபீஸ்ல போய் இப்ப என்ன செய்யணும்னு நேரா கேட்டுக்கறதுதான் நல்லது.

எத்தனை நாள் தாங்கும்னு பையன் அழுதுட்டு இருப்பான். நல்லா தின்ன பால் பைத்தான் வாரக்கணக்கா, சில சமயம் மாசக்கணக்கா சாப்பிடாம இருக்கும், வளக்கிறவங்க எல்லாரும் இதைப் பாத்து ஒரு தடவையாவது பயந்திருப்பாங்க. அதனால ஒரு வாரத்துல கிடைக்கலன்னா கை விட்டுடாதீங்க, ரூமுக்கு ஒரு தண்ணிக் கிண்ணம் வெச்சுக்கிட்டே இருங்க. பசியை விட குளிர்தான் அதை கவுக்கும்.

பாத்ததும் பாயாதீங்க. பாதி உடம்பு வாஷிங் மெஷினுக்குள்ளயும் பாதி வெளியவும் இருந்தா வாலைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, முதுகெலும்பு போயிடும், மெஷினைத்தான் கழட்டணும், மெக்கானிக்கை கூப்பிடுங்க, விஷயத்தை முன்கூட்டியே சொல்லிட்டு. வெளிய இருந்தா மேல ஒரு துண்டைப் போட்டு, தலையைப் பிடிக்காம, நடு உடம்பை ரெண்டு கையாலயும் தாங்கி தூக்குங்க. ஜில்லுனு விறைச்சு இருந்தா செத்துடுச்சுன்னு நெனச்சுடாதீங்க, அதுக்காக வெந்நீர் பை மேல வெக்கவும் வேணாம், டேங்க்ல விட்டு மெல்ல மெல்ல சூடாகட்டும், பக்கத்துல தண்ணி. உடனே சாப்பாடு குடுக்காதீங்க, ஒரு அஞ்சாறு நாள் போகட்டும், குளிர்ந்த வயித்துல எலி செரிக்காம கக்கிடும். அதுக்குள்ள மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தமோ, வாயில நுரையோ, வாயைத் திறந்து தலையை மேல தூக்கி வெச்சுக்கறதோ இருந்தா நெஞ்சுல சளி பிடிச்சிருக்குன்னு அர்த்தம், வயித்துப் பக்கம் செதில் சிவந்தோ வெளுத்தோ இருந்தா இன்வெர்ட்டர் பக்கம் சுட்டுக்கிட்டிருக்கும், ரெண்டுக்கும் ஊர்வன பாக்கத் தெரிஞ்ச டாக்டர் கிட்ட போகணும், நாய் பாக்கிற எல்லாரும் இதைப் பாக்க மாட்டாங்க, போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணிக் கேட்டுக்கங்க. டேங்க் மூடிக்கு ரெண்டு பக்கமும் பூட்டுற க்ளிப் போட்டு, வயர் வர்ற ஓட்டையை அடைச்சப்புறம்தான் அவன் உள்ள போகணும், மேல கனமா டிக்ஷனரி வெச்சா போதும்னு பையன் சொல்லுவான், போதாது.

டாக்டர் கிட்ட கூட்டிட்டு வரும்போது பழைய தலையணை உறையில விட்டு வாயை முடிச்சுப் போட்டு, அதை காத்தோட்டம் இருக்கிற ஒரு டப்பாவுக்குள்ள வெச்சு, நேர் வெயிலும் ஏசி காத்தும் படாம மடியில வெச்சுக்கிட்டு வாங்க. ஆட்டோ டிரைவர் அவரா என்னன்னு கேட்டா சொல்லுங்க, கேக்கலன்னா ஹெப்பால் ஃப்ளைஓவர்ல நீங்களா ஆரம்பிக்க வேணாம்.